‘வைரல்தானே, மூணு நாள்ல போயிடும்’

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் திருவண்ணாமலையில் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்துதான் இன்ஃப்ளுயன்சாவும் ஏறுகிறது. கார்த்திகை தீபமும் அந்த நாட்களில்தான் வருகிறது. மருந்துக் கடை வாசலில், பஸ் ஸ்டாண்டில், பேகோபுரத் தெருத் திண்ணையில் என்று எங்கே போனாலும் ஒரே வாக்கியம் காதில் விழுகிறது: ‘வைரல்தானே, மூணு நாள்ல போயிடும்.’

பெரும்பாலும் இது பலிக்கவும் செய்கிறது. பலிப்பதால் யாரும் இதைக் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் பதில் ஒன்று தயாராக இருக்கிறது: ‘ஆயிரத்துல ஒருத்தனுக்கு வர்றதைச் சொல்லி சனங்களை ஏன் பயமுறுத்தறீங்க?’ படித்தவர்கள் சொல்கிறார்கள், மருத்துவர்களில் சிலரும் சொல்கிறார்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் மார்புக்குள் வரும் சிக்கல்கள் அரிதானவை, அரிதானதைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பது அவர்கள் நிலை. இது தவறு, உயிருக்கு உலை வைக்கும் தவறு என்று நான் நினைக்கிறேன்.

என் தங்கை மகனுக்கு அப்போது 19 வயது. ஒல்லி, நெடுநெடுவென்று உயரம். அடியார் கூட்டமொன்றில் கயிலாய வாத்தியம் வாசிக்கிறவன். சங்கும் கொம்பும் ஊதுவான். தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சளி, காய்ச்சல், பிறகு விடாத வறட்டு இருமல். ஒத்திகையை விடவில்லை. மூன்றாம் நாள் நடு நெஞ்சில் குத்துகிறது, எச்சில் விழுங்கினால் கழுத்து வரை இழுக்கிறது என்றான். பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் காட்டினோம். சட்டைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, ‘வைரல்தான். இருமி இருமி நெஞ்சு வலிக்குது. கொஞ்சம் வாயுவும் இருக்கு’ என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். கழுத்தை யாரும் தொடவில்லை.

ராத்திரி அவன் குரல் மாறியது. மூக்கால் பேசுகிற மாதிரி மெலிந்துபோய் வந்தது. கழுத்து லேசாக உப்பியிருந்தது. சுளுக்கு என்று நினைத்து என் அம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தடவப் போனவள், சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். ‘என்னடா இது, தோலுக்கடியில நொறநொறங்குது?’

நானும் தொட்டுப் பார்த்தேன். தீபத்துக்கு வாங்கி வைக்கிற நெல் பொரி உறையை வெளியிலிருந்து விரலால் அமுக்கினால் எப்படி நொறுங்கும், அப்படி. காறை எலும்புக்கு மேலே, இரண்டு பக்கமும். மனித உடம்பில் அப்படியொரு தொடுகையை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

வேறொரு மருத்துவமனைக்கு ஓடினோம். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டரம்மா முதலில் செய்த காரியம், இரண்டு விரலைக் கழுத்துக் குழியில் வைத்து மெல்ல அழுத்தியதுதான். அடுத்து ஒரு கேள்வி: ‘தம்பி, எதாவது ஊதுவியா?’ அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நுரையீரல் எங்கே கிழிந்திருக்கும், எதனால் கிழிந்திருக்கும் என்று தெரிந்தவருக்கு மட்டுமே அது தோன்றும். எக்ஸ்ரேயில் இதயத்தின் இடது ஓரத்தை ஒட்டி, பேனாவால் கோடு இழுத்த மாதிரி மெல்லிய கறுப்பு. ‘அது காத்து’ என்றார்.

நடந்தது இதுதான். நம் நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய காற்றுப் பைகள் இருக்கின்றன. வைரஸ் அவற்றின் சுவரைப் புண்ணாக்குகிறது. வேகமாக இருமும்போது மார்புக்குள் அழுத்தம் 300 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏறக்கூடும். ரத்த அழுத்தம் 120 என்று சீட்டில் எழுதுகிறார்களே, அதைப் போல் இரண்டரை மடங்கு. அந்த நேரத்தில் புண்பட்ட ஒரு சுவர் வெடித்தால், வெளியேறும் காற்று ரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள உறையைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து, இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் இதயம் இருக்கும் இடத்துக்கு வந்து, அங்கிருந்து மேலேறிக் கழுத்துத் தோலுக்கடியில் தேங்குகிறது. இதற்கு நியூமோமீடியஸ்டைனம் என்று பெயர். கனடாவைச் சேர்ந்த சார்ல்ஸ் மேக்லின் பூனைகளின் நுரையீரலில் காற்றைச் செலுத்தி இந்தப் பாதையை 1939இல் காட்டினார். அதே ஆண்டு அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் லூயி ஹாமன், இப்படிப்பட்ட நோயாளிகளின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இதயம் துடிக்கும்போதெல்லாம் நறுக் நறுக்கென்று ஒலி கேட்கும் என்று எழுதினார். ஒல்லியான, உயரமான இளைஞர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், பலமாக ஊதுகிறவர்கள் ஆகியோருக்கு இது கூடுதலாக வருகிறது என்பதும் வெகு காலமாகப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. கொரோனா காலத்தில் வென்டிலேட்டர் பக்கமே போகாத நோயாளிகளுக்கும் இது வந்ததை உலகெங்கும் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

‘இது தானாக ஆறிவிடும் நோய்தானே’ என்று எதிர்வாதம் வரும். ஆம், பெரும்பாலும் ஆறிவிடும். என் மருமகனுக்கும் ஓய்வு, ஆக்சிஜன், வலி மருந்து, இருமலை அடக்க மருந்து, ஐந்து நாள் படுக்கை, அவ்வளவுதான் சிகிச்சை. ஆனால் ஆறக்கூடிய காற்றுக்கும் ஆறாத காற்றுக்கும் வித்தியாசம் பார்க்க ஆள் வேண்டாமா? அதே கிழிசல் நுரையீரலின் வெளிப்பக்கம் திறந்தால் காற்று விலாக்கூட்டுக்குள் நிரம்பி நுரையீரலைச் சுருட்டிவிடும். அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போனால் இதயத்தையே தள்ளிவிடும். அப்போது ஊசியைக் குத்திக் காற்றை இறக்காவிட்டால் நிமிடக் கணக்கில் உயிர் போகும். உணவுக்குழாய் கிழிந்தாலும் கழுத்தில் இதே பொரிச் சத்தம்தான் வரும், அது வேறு வகை ஆபத்து. ஸ்கேனில் அது இல்லை என்று தெரியும்வரை என் மருமகன் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடவில்லை. எந்தக் காற்று என்று தெரியாமலே ‘தானா சரியாயிடும்’ என்று சொல்கிறவர், பார்க்காத வழக்குக்குத் தீர்ப்பு எழுதுகிறார்.

தெரிந்திருந்தால் தவிர்க்கக்கூடியவையும் இருக்கின்றன. அவன் சங்கைக் கீழே வைத்திருப்பான். என் அம்மா எண்ணெய் தேய்க்க உட்கார்ந்திருக்க மாட்டாள். கொரோனா சமயத்தில் நுரையீரல் பலப்படும் என்று வீட்டுக்கு வீடு பலூன் ஊதினோமே, காற்றுக் கசிவு உள்ளவர் செய்யவே கூடாத காரியம் அது.

இப்போது அந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ கணக்குக்கு வருகிறேன். ஒரு வாதத்துக்காக ஆயிரம் வேண்டாம், பத்தாயிரத்தில் ஒருவர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தனி மனிதனுக்கு அது அரிதுதான். எங்கள் ஊருக்கு அரிதா? தீபத்தன்றும் சித்ரா பௌர்ணமியன்றும் இங்கே லட்சக்கணக்கில் வருகிறார்கள். வரிசையில் மணிக்கணக்கில் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். 10 லட்சம் பேருக்குக் காய்ச்சல் கண்டால் பத்தாயிரத்தில் ஒருவர் என்பது 100 பேர். அந்த நூறு பேரும் நூறு கிளினிக்குகளில் ‘வைரல்தானே’ என்று கேட்டுவிட்டு, அவரவர் ஊர் பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். ஒவ்வொரு டாக்டரும் வருஷத்தில் ஒருவரையும் பார்ப்பதில்லை. அதனால் அரிது என்ற நம்பிக்கை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உறுதிப்பட்டுக்கொண்டே போகிறது. தொற்று என்றால் என்ன என்று தெரியாத ஊரல்ல இது. 1905இல் பிளேக் வந்து ஊரே காலியானபோது ரமணர் மாதக்கணக்கில் பச்சையம்மன் கோயிலில் தங்கியிருந்தார். 2020 நவம்பர் 29 அன்று பக்தர்கள் இல்லாமல் மகாதீபம் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள்.

சரி, இருமுகிறவர்களுக்கெல்லாம் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2021இல் லேசான காய்ச்சலுக்கே சி.டி. ஸ்கேன் வாசலில் கூட்டம் நின்றது. நுரையீரல் ஸ்கோர் இத்தனை என்று வாட்ஸ்அப்பில் எண்கள் பறந்தன. இப்படி ஓடாதீர்கள் என்று அப்போது டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரண்தீப் குலேரியாவே அந்த ஆண்டு மே மாதம் எச்சரிக்க வேண்டியிருந்தது. அந்த ஓட்டத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அது ஏன் நடந்தது? எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று மக்களுக்கு யாரும் பிரித்துச் சொல்லாததால். குறி தெரியாதவர்கள் ஒன்று எதற்கும் போகாமல் கிடப்பார்கள், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் இயந்திரத்தைத் தேடி ஓடுவார்கள். கழுத்தைத் தொட விரல் போதும். மூச்சை எண்ணக் கைக்கடிகாரம் போதும்.

வாயு என்ற சொல்லைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் வீடுகளில் நெஞ்சில் எது வலித்தாலும் வாயுதான். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, கோலி சோடா என்று கைக்கு வந்ததைக் கொடுத்துவிடுகிறோம். எல்லா வலியும் ஆபத்து என்று நான் சொல்ல வரவில்லை. காக்சாக்கி வைரஸ் விலாத் தசைகளைப் பிடித்து, மூச்சே விட முடியாதபடி வலியைக் கொடுக்கும். டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவின் பெயரால் வழங்கும் அந்த நோய் சில நாட்களில் தானே அடங்கிவிடும். ஆனால் அதே காக்சாக்கி இதயத் தசையையும் தாக்க வல்லது. இன்ஃப்ளுயன்சா, அடினோ, கொரோனா வைரஸ்களும் அப்படித்தான். மயோகார்டைட்டிஸ் என்ற இந்த இதயத் தசை அழற்சியில் காய்ச்சல் இறங்கிய பிறகும் நாடி இறங்காது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நூறுக்கு மேல் ஓடும். படபடப்பு, படுத்தால் மூச்சு முட்டுதல், திடீர் மயக்கம் என்று வரும். இதயத்தைச் சுற்றியுள்ள உறை வீங்கியிருந்தால் மல்லாந்து படுக்கும்போது வலி கூடி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும். இந்த ஒரு விஷயத்தை வைத்தே பல வீடுகளில் ‘வாயு’ இல்லை என்று கண்டுபிடித்துவிடலாம்.

இங்கேதான் எங்கள் ஊர் வழக்கம் ஒன்று என்னைக் கலங்க வைக்கிறது. ‘லேசா உடம்பு சுடுது, கிரிவலம் போனா வேர்த்து எறங்கிடும்’ என்பார்கள். 14 கிலோமீட்டர், வெறுங்கால், பெரும்பாலும் தூக்கம் கெட்ட இரவு. தீபத்தன்று 2,668 அடி உயர மலையே ஏறியவர்களும் உண்டு. இதயத் தசை அழற்சி என்று தெரிந்தால், விளையாட்டு வீரர்களைக்கூட மூன்று முதல் ஆறு மாதம் வரை கடும் உழைப்பிலிருந்து விலக்கி வைக்கிறது மருத்துவம். ஏனென்றால் புண்பட்ட இதயத்தை வேகமாக ஓட்டினால் அதன் தாளம் தப்பி, நின்ற இடத்திலேயே விழுந்துவிடக்கூடும். காய்ச்சலோடு நடந்தால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர் அன்பால்தான் சொல்கிறார். ஆனால் அந்த அன்பு தவறான இடத்தில் தள்ளுகிறது. வேண்டுதல் என்றால் அடுத்த பௌர்ணமி இருக்கிறது. அண்ணாமலையார் காத்திருப்பார்.

வயதானவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2018இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. இன்ஃப்ளுயன்சா உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு என்று அது காட்டியது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒரு பெரியவர் காய்ச்சலின் நான்காம் நாள் நெஞ்சு கனக்கிறது என்றால், ஓமத் தண்ணீருக்கு முன்னால் ஒரு இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

அடுத்தது, அந்த ‘மூணு நாள்’. இந்தக் கணக்கே பிசகு. வைரஸுக்குப் பின்னால் வரும் பெரிய ஆபத்து மூன்றாம் நாள் பெரும்பாலும் வருவதில்லை. காய்ச்சல் விட்டு, எழுந்து கஞ்சி குடித்து, வேலைக்குக்கூடப் போய்விட்டு, ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் திரும்புகிறது. சளி மஞ்சளாகவோ துருப்பிடித்த நிறத்திலோ வருகிறது. மூச்சை இழுத்தால் ஒரு பக்க விலாவில் கத்தி குத்துகிற மாதிரி இருக்கிறது. வைரஸ் உரித்துப்போட்ட மூச்சுக் குழாயில் நிமோகாக்கஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியேறிவிட்டன என்பதற்கு அறிகுறி இது. 1918 இன்ஃப்ளுயன்சாவில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மாண்டார்கள். அந்தத் தொற்றில் இறந்தவர்களின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை ஆராய்ந்த மோரன்ஸ், டாபன்பெர்கர், ஃபவுச்சி ஆகியோர், பெரும்பாலான மரணங்களுக்குப் பாக்டீரியா நிமோனியாவே காரணம் என்று 2008இல் எழுதினார்கள். வைரஸ் கதவைத் திறந்துவிட்டது, உள்ளே புகுந்தது வேறு.

அந்த நிமோனியாவுக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள் சீழ் கட்டுவதுதான் அது, எம்பைமா என்பார்கள். 1918இல் அமெரிக்க ராணுவ முகாம்களில் இளம் சிப்பாய்கள் இதனால் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். சீழ் கண்டவுடனே மார்பைத் திறந்து வடிப்பதுதான் அன்றைய வழக்கம். அப்படிச் செய்தும் நூற்றுக்கு 30 பேர் அளவில் மாண்டார்கள். அறுவை மருத்துவர் எவார்ட்ஸ் கிரஹாம் இடம்பெற்ற குழு ஒன்று ஆராய்ந்து, நோயின் தொடக்கத்தில் திறப்பதே ஆளைக் கொல்கிறது, முதலில் ஊசியால் உறிஞ்சி எடுங்கள், சீழ் கெட்டியான பிறகு திறந்து வடியுங்கள் என்று சொன்னது. மரணம் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கியது. மருந்து மாறவில்லை. எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்ததுதான் மாறியது. இன்று நம்மிடம் ஆன்டிபயாடிக் இருக்கிறது, அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து இறங்கி வரவேண்டிய ஒருவரிடம் ‘போயிடும்’ என்று மட்டும் சொல்லி, ‘விட்ட காய்ச்சல் திரும்பினா உடனே வா’ என்ற நாலு வார்த்தையைச் சேர்க்காமல் அனுப்பினால், இவையெல்லாம் யாருக்குப் பயன்?

மருந்துக் கடையில் மூன்று வேளைக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிட முடியாது. அதற்குள் ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சல் சட்டென்று இறங்கும், ‘பார்த்தியா, போயிடுச்சு’ என்பார்கள். 2020 ஜூன் மாதம் வெளிவந்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, டெக்சாமெத்தசோன் ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளின் உயிரைக் காத்தது, தேவைப்படாதவர்களுக்கு நன்மை எதுவும் செய்யவில்லை என்று காட்டியது. அடுத்த ஆண்டு கறுப்புப் பூஞ்சை கண்ணைப் பறித்ததும், கட்டுப்படாத சர்க்கரையோடு கணக்கில்லாமல் ஸ்டீராய்டு போனவர்களிடம்தான் அதிகம்.

குழந்தைகளுக்கு விரலும் கடிகாரமும் இன்னும் அவசியம். தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம், 108ஐ அழையுங்கள். பெரியவர்களுக்கு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொரோனா காலத்திலிருந்து பல வீடுகளில் தூங்குகிறது. பேட்டரி போட்டு வையுங்கள். ஓய்வில் 94க்குக் கீழே காட்டினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

இதையெல்லாம் மக்கள் தாங்க மாட்டார்கள் என்பவர்களுக்கு டெங்குவை நினைவூட்டுகிறேன். டெங்கு வந்தவர்களிலும் சிறு பகுதியினருக்குத்தான் நிலைமை மோசமாகிறது. ஆனாலும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எச்சரிக்கைக் குறிகளைச் சொன்னோம். இன்று தட்டணு எத்தனை என்று கேட்காத தாய் இல்லை. அது அரிது, சொல்ல வேண்டாம் என்று அப்போது யாரும் வாதாடவில்லை. தீபத்துக்கு ஒவ்வொரு ஆண்டும் கிரிவலப் பாதையில் மருத்துவ முகாம் போடுகிறார்கள், ஆம்புலன்ஸ் நிறுத்துகிறார்கள். அந்த முகாம்களின் வாசலில் ஒரு தட்டி வைக்க என்ன செலவாகும்? இருமலோடு கழுத்து உப்பி நொறுநொறுத்தால், நெஞ்சுவலியோடு மூச்சு வாங்கினால், விட்ட காய்ச்சல் திரும்பினால், காய்ச்சல் நின்றும் நாடி ஓடினால் உள்ளே வாருங்கள் என்று எழுதி வைக்கலாம். காய்ச்சல் இருந்தால் இன்று நடக்காதீர்கள் என்று ஒலிபெருக்கியில் ஒரு வரி சொல்லலாம்.

பயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அன்றிரவு என் தங்கையைப் பார்த்திருக்க வேண்டும். கிளினிக்கிலிருந்து ‘ஒண்ணுமில்ல’ என்ற ஆறுதலோடு திரும்பி வந்தவள்தான் ராத்திரி பதினொரு மணிக்கு மகனின் உப்பிய கழுத்தைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். மருத்துவமனையில் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, இது நுரையீரல், இது இதயம், இந்தக் கோடுதான் வெளியே வந்த காற்று, இது இப்படி வடியும், இது இப்படி ஆனால் நான் குழாய் போடுவேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தங்கை இமைக்காமல் கேட்டாள். சிக்கலின் முழுப் பெயரையும் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘அப்ப காலையில இட்லி குடுக்கலாமா டாக்டர்?’ என்றாள்.

‘ஸ்கேன் ரிசல்ட் வரட்டும்மா’ என்றார் அவர். ‘நல்லா இருந்தா நானே சொல்றேன்.’